மேலே 15, கீழே 9

தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில்தான் அந்தச் சட்டியைப் பார்த்தோம். கராஜில், பனி வாரும் மண்வெட்டிக்கும் புல்வெட்டும் எந்திரத்துக்கும் நடுவே, ஒரு மரப்பெட்டியின் மேல் பழந்துணி போர்த்தி வைத்திருந்தான். துணியை விலக்கிக் காட்டியபோது எங்கள் இருவருக்கும் ஒரே கணத்தில் நெஞ்சை அடைத்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்திருந்தால் அவனுக்கும் தெரிந்துபோயிருக்கும்.

நாங்கள் என்று இங்கே சொல்வது கணவன் மனைவி இருவரையும். எழுதுகிற கை ஒன்றே ஆயினும் நடந்ததில் இருவருக்கும் சமபங்கு உண்டு என்பதால் இப்படியே எழுதிச் செல்கிறோம்.

2023 சனவரியில் பொங்கல் விடுமுறையோடு ஈட்டிய விடுப்பையும் சேர்த்துக்கொண்டு, தென்காசியிலிருந்து யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டிக்குப் போயிருந்தோம். அம்மாவின் மறைவுக்குப் பிறகு தம்பியை நேரில் பார்ப்பது அதுவே முதல்முறை. 2020 சூனில் அம்மா இறந்தபோது பன்னாட்டு விமானங்கள் நின்றுபோயிருந்தன. எரியூட்டியதை அவன் கைப்பேசித் திரையில் பார்த்தான். நடுவில் இரண்டு முறை இணைப்பு அறுந்தது. விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கியபோது விசா முத்திரைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஊருக்கு வந்தால் வேலைக்குத் திரும்ப முடியுமோ என்று அஞ்சினான். எங்களிடம் பழைய விசா ஒன்று உயிரோடு இருந்தது. அவன் வரவில்லை, நாங்கள் போனோம்.

சட்டிக்கு வருவோம். குறுக்களவு 12 அங்குலம். வார்ப்பிரும்பு. வெறுஞ்சட்டியே ஏறத்தாழ 9 கிலோ. அடியில் மூன்று குட்டைக் கால்கள். தூக்கிப் பிடிக்க வளைகம்பி. அதன் சிறப்பெல்லாம் மூடியில்தான். நம் வீட்டு மூடிகளைப் போலக் குவிந்திராமல் ஏறத்தாழத் தட்டையாக, விளிம்பைச் சுற்றி ஒரு விரற்கடை உயரத்துக்கு வரப்புக் கட்டியதுபோல் இருக்கும். அந்த வரப்புக்குள் தணலை அடுக்கலாம். கீழேயும் தணல், மேலேயும் தணல். ஆம்பூரிலும் திண்டுக்கல்லிலும் பிரியாணிக்குத் தம் போடும்போது மூடிமேல் கங்கு அள்ளி வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. ஆனால் அங்கே கங்கைக் கரண்டியால் அள்ளிக் கொட்டுகிறார்கள். இங்கே எண்ணி வைக்கிறார்கள்.

டச்சு அவன் என்பது இதன் பெயர். பெயர்க்காரணம் பலவாறாகச் சொல்லப்படுகிறது. ஆபிரகாம் டார்பி என்ற ஆங்கிலேயர் இரும்புப் பானைகளை மணல் அச்சில் வார்க்கும் முறைக்கு 1707இல் காப்புரிமை பெற்றார் என்பது உறுதியான செய்தி. மணலில் பித்தளை வார்க்கும் டச்சுக்காரர்களின் தொழில்நுட்பம் அதற்கு முன்னோடி என்பர். இரண்டாண்டு கழித்து அதே மனிதர் கோல்புரூக்டேல் என்ற ஊரில் கல்கரியைக் கொண்டு இரும்பை உருக்கிக் காட்டினார். அவருடைய பெயரன் காலத்தில், 1779இல், அந்த ஊருக்கு அருகே செவெர்ன் ஆற்றின்மேல் வார்ப்பிரும்புப் பாலம் எழுந்தது. பானையில் தொடங்கிய குடும்பம் பாலத்துக்குப் போயிற்று. பானை கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போய், மேற்கு நோக்கிச் சென்ற மாட்டு வண்டிகளில் ஏறிக்கொண்டது. 1847இல் இந்தப் பள்ளத்தாக்கில் வந்திறங்கிய மார்மன் குடியேறிகளின் வண்டிகளிலும் இருந்தது. அதை நினைவில் வைத்து யூட்டா அரசு 1997இல் இதைத் தன் அதிகாரபூர்வச் சமையல் பாத்திரமாகச் சட்டம் போட்டு அறிவித்திருக்கிறது. நமக்குப் பனைமரம் இருக்கிறது, செங்காந்தள் இருக்கிறது, பாத்திரம் இல்லை. இருந்தால் எந்தப் பாத்திரம் என்று சட்டமன்றத்தில் எத்தனை நாள் வாதிட்டிருப்பார்களோ.

எங்கள் நெஞ்சை அடைக்கச் செய்தது இந்த வரலாறெல்லாம் அன்று. அம்மாவிடம் ஒரு சட்டி இருந்தது.

கால்கள் இல்லை, வரப்பு மூடியும் இல்லை. இரண்டு காதுகள் வைத்த கனத்த இருப்புச்சட்டி. ஆச்சி காலத்தது. உட்புறம் கண்ணாடிபோல் வழவழப்பாக, முகம் தெரியும் கறுப்பில் இருக்கும். சனிக்கிழமைகளில் அம்மா அதில்தான் உளுந்தம்பருப்புச் சோறு பொங்குவாள். தொலி உளுந்தை வறுத்து, அரிசியோடு பூண்டும் வெந்தயமும் சீரகமும் தேங்காய்த் துருவலும் போட்டு விறகடுப்பில் ஏற்றி, வெந்து வரும்போது விறகை இழுத்துவிட்டு மூடிமேல் நாலு கங்கு வைப்பாள். அடியில் காந்தல் பிடிக்கும். அதைச் சுரண்டி எடுக்கும் ஓசை கேட்டால் தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும் தம்பி வீட்டுக்குள் வந்துவிடுவான். காந்தலில் முதல் பங்கு எப்போதும் அவனுக்கு, கடைக்குட்டி.

2021இல் அந்த வீட்டை விற்றோம். கிரயம் முடித்து ஒரு வாரத்தில் காலி செய்ய வேண்டியிருந்தது. அம்மாவின் சேலைகளை யாருக்குக் கொடுப்பது என்பதற்கு மூன்று நாள் யோசித்தோம். சட்டிக்கு மூன்று நொடிகூட யோசிக்கவில்லை. பழைய இரும்பு எடுப்பவர் வண்டியோடு வாசலில் நின்றார். சன்னல் கம்பி, கட்டில் சட்டம், உடைந்த அரிவாள்மணை ஆகியவற்றோடு அதுவும் போயிற்று. தூக்கிப் போட்டது எங்களில் யார் என்று கேட்டால் இருவரும் மற்றவரைச் சொல்வோம்.

இரண்டு மாதம் கழித்துத் தம்பி தொலைபேசியில் கேட்டான். வீடு விற்ற பணத்தில் அவன் பங்கைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. "அம்மா சட்டிய மட்டும் எனக்கு வச்சிருங்க" என்றான். வைத்திருக்கிறோம் என்றோம். ஒரு முறை சொன்ன பொய்யைக் காப்பாற்ற அதன்பின் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது. பரணில் இருக்கிறது என்றோம். எண்ணெய் தடவி வைத்திருக்கிறோம் என்றுகூட ஒருநாள் சொன்னோம். பயணத்துக்கு முந்தைய வாரம், கனம் அதிகம், இந்த முறை வேண்டாம், அடுத்த தடவை பார்க்கலாம் என்று அவனே சொன்னபோது, எங்களுக்கு வந்தது நிம்மதிதான். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அவன் இந்த டச்சு அவனை வாங்கியது 2021 கடைசியில். வாங்கிய காரணத்தை அவன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கடையில் வாங்கும்போதே எண்ணெய் ஏற்றிப் பழக்கித்தான் தருகிறார்களாம். ஆனாலும் ஒவ்வொரு வாரமும் மெல்லிதாக எண்ணெய் பூசிச் சூட்டடுப்பில் கவிழ்த்து ஒரு மணி நேரம் காய வைத்து அவன் மேலும் பழக்கியிருந்தான். சூட்டில் எண்ணெய் இறுகி இரும்போடு ஒட்டிய படலமாகிவிடும். கறுப்பு என்பது அந்தப் படலம்தான். புளியோ தக்காளியோ நெடுநேரம் கொதித்தால் அது அரித்துப் போகும் என்று அவன் விளக்கியபோது, அம்மா ஏன் அந்தச் சட்டியில் ஒருநாளும் புளிக்குழம்பு வைத்ததில்லை என்பது எங்களுக்கு விளங்கிற்று. நம் ஊரில் புதுக் கல்லையும் சட்டியையும் வடிகஞ்சி ஊற்றி வைத்தும் எண்ணெய் தடவியும் பழக்குவார்கள். மாட்டையும் பழக்குகிறோம், சட்டியையும் பழக்குகிறோம், சொல் ஒன்றுதான்.

"ஒருநாள் வெளிய போய் இதுல உளுந்தஞ்சோறு பொங்குவோம்" என்றான் தம்பி. இந்தக் குளிரிலா என்றோம். குளிரில்தான் நன்றாக இருக்கும் என்றான்.

உடனே போக முடியவில்லை. சனவரியில் அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு வினோதம் நிகழும். கீழே குளிர்ந்த காற்று தேங்கி நிற்க, மேலே அதைவிடச் சூடான காற்று மூடிபோல் அமர்ந்துவிடும். வண்டிப் புகையும் வீட்டுப் புகையும் வெளியேற வழியின்றி நாட்கணக்கில் பழுப்பு நிறமாகத் தொங்கும். புதிய காற்று வந்து அந்த மூடியைத் திறந்தால்தான் விமோசனம். ஒரு புதன்கிழமை திறந்தது. தம்பி மனைவிக்கு வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளி. தம்பி விடுப்பு எடுத்துக்கொண்டான். மூவரும் ஆன்டிலோப் தீவுக்குப் புறப்பட்டோம்.

பெரிய உப்பேரிக்குள் இருக்கிறது அந்தத் தீவு. சிரக்யூஸ் என்னும் சிற்றூரிலிருந்து 11 கிலோமீட்டருக்கு நீரின் நடுவே மண்பாதை போட்டிருக்கிறார்கள். நீரின் நடுவே என்பது பெயரளவில்தான். 2022 நவம்பரில் அந்த ஏரியின் நீர்மட்டம், பதிவு தெரிந்த காலத்திலேயே மிகத் தாழ்ந்த அளவுக்கு இறங்கியிருந்தது. இருபுறமும் வெளுத்த சேற்றுநிலம். அதற்கப்பால் உறையாத உப்புநீர். 1893இல் 12 காட்டெருதுகளைக் கொண்டுவந்து விட்டார்களாம். இன்று அவற்றின் வழிவந்தவை சில நூறு. ஒன்று சாலையோரம் முகத்தால் பனியைத் தள்ளிவிட்டு அடியிலிருந்த புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. எங்களை அது பொருட்படுத்தவில்லை.

பனி என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். மார்கழியும் தையும் முன்பனிக்காலம் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறோம். அந்தப் பனி புல்நுனியில் நிற்பது. கணுக்கால் புதைகிற இந்த வெண்பொருளுக்கும் அதே சொல்லை வைத்துக்கொண்டு தமிழ் காலந்தள்ளுகிறது. எங்களில் ஒருவர் வகுப்பில் நெடுநல்வாடை நடத்துபவர். வாய் அகன்ற தடவில் செந்நெருப்பு இட்டுக் குளிர் காய்வது அதில் வரும். தடவு என்பது நெருப்பிடும் சட்டி என்று உரை சொல்லிவிட்டு, மின்விசிறியைச் சற்றுக் கூட்டி வைக்கச் சொல்வதே வழக்கம். அன்று சுழியத்துக்குக் கீழ் 9 பாகை. இரண்டு கையுறைக்குள்ளும் விரல்கள் மரத்தன. தடவு என்ற சொல்லின் பொருள் அங்கேதான் கைக்கு எட்டிற்று.

தம்பி மடக்கு மேசை ஒன்றை விரித்தான். இரும்பாலானது, மூன்று பக்கம் காற்றுத் தடுப்புத் தகடு. பனித்தரையில் நேரே வைத்தால் தணல் பனியை உருக்கி, உருகிய நீரில் தானும் அவிந்து, சட்டி சாய்ந்து போகும். கரியும் நம் ஊர் அடுப்புக்கரி அன்று. தலையணை வடிவில் அச்சிட்ட சிறு கட்டிகள். ஹென்றி ஃபோர்டு 1920களில் தம் கார்களுக்கான மரவேலையில் மிஞ்சிய கழிவைக் கரியாக்கி இப்படிக் கட்டிகளாக விற்றவர். எல்லாம் ஒரே அளவு என்பதால் சூட்டை எண்ணிக்கையில் சொல்லிவிடலாம். 12 அங்குலச் சட்டிக்கு மூன்றைக் கூட்டி மேலே 15, மூன்றைக் கழித்துக் கீழே 9. அடுப்பில் ரொட்டி சுடுகிற மிதமான சூடு கிடைக்கும். குழம்பு, சோறு என்றால் கீழே கொஞ்சம் அதிகம் வேண்டும். குளிருக்கும் காற்றுக்கும் கணக்கு வேறு. காற்று கரியை வேகமாகத் தின்றுவிடும். இரும்பின் சூட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். தம்பி மேலும் கீழும் நாலைந்து கட்டிகள் கூட்டி வைத்தான். புகைபோக்கிபோல் இருந்த தகரக் குழாய்க்குள் கரியை நிரப்பி, அடியில் செய்தித்தாளைக் கொளுத்தி, கட்டிகள் சாம்பல் பூக்கும்வரை காத்திருந்தோம். வீட்டில் இருபது நிமிடத்தில் ஆவது அங்கே முப்பதைத் தாண்டிற்று.

உறைந்து கிடக்கும் இரும்பை ஒரேயடியாகச் சூடேற்றக் கூடாது. முதலில் கீழே மூன்று கட்டிகள் மட்டும். சூடேறிய சட்டியில் குளிர்ந்த நீரை ஊற்றவே கூடாது. வார்ப்பிரும்பு விரிந்து உடையும். வண்டியில் வைத்திருந்த தண்ணீர்ப் புட்டியில் ஏற்கனவே பாதி பனிக்கட்டி. வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவந்த வெந்நீரை ஊற்றினோம். நல்லெண்ணெயில் பூண்டு வதங்கும் மணம் அந்த உப்புக் காற்றில் எழுந்தபோது மூவரும் பேச்சை நிறுத்தினோம். அரிசி, வறுத்த உளுந்து, வெந்தயம், சீரகம், தேங்காய், உப்பு. மூடினான். தணலை வரப்புக்குள் வட்டமாக அடுக்கினான்.

"ஒரு மணி நேரம் ஆவும். தொறந்து தொறந்து பாக்கப்படாது. ஒரு தடவ தொறந்தா பத்து நிமிசம் போச்சு." கடல்மட்டத்திலிருந்து 1,280 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 96 பாகையை எட்டும் முன்பே கொதித்துவிடுகிறது. கொதித்தாலும் சூடு போதாது. உளுந்து மெதுவாகத்தான் வேகும். கால்மணிக்கு ஒரு முறை சட்டியைக் கால் சுற்று ஒருபக்கமும் மூடியைக் கால் சுற்று மறுபக்கமும் திருப்ப வேண்டும். இல்லையேல் தணல் மிகுந்த இடத்தில் கருகும்.

முதல் கால்மணி போயிற்று. அவன் திருப்பினான். தோல் கையுறை போட்ட கையால் மூடியின் கைப்பிடியைக் கொக்கியில் மாட்டி, சாம்பல் சரியாமல் திருப்பிய அந்த நிதானம் அம்மாவினுடையது. அப்போது சொன்னான்: "அடுத்த தடவ வரும்போது அம்மா சட்டிய எப்டியாவது கொண்டாந்திருங்கண்ணே. இதுக்கு என்ன இருந்தாலும் வயசு பத்தாது."

பிறகு எங்களால் முடியவில்லை. ஒருவர் தொடங்க, மற்றவர் முடித்தோம்.

"அந்தச் சட்டி இப்ப இல்லடே."

"இல்லன்னா?"

"வீடு காலி பண்ணும்போது பழைய இரும்புல போட்டாச்சு."

அவன் தணலையே பார்த்துக்கொண்டிருந்தான். வெகுநேரம் கழித்து, "எவ்வளவு குடுத்தான்?" என்றான்.

"கிலோ 24 ரூவா."

"சட்டி எத்தன கிலோ இருந்துச்சு?"

அதற்கு எங்களிடம் விடை இல்லை. "தனியா நிறுக்கல. கம்பி, கட்டில் சட்டம் எல்லாத்தோடயும் சேத்து..."

"சேத்தா போட்டிய?"

விற்றதைவிட அது அவனை அதிகம் வருத்தியது என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். எழுந்தான். "ரெண்டு வருசமா இருக்கு இருக்குன்னு சொன்னியளே, மதினி" என்றான். அண்ணனைப் பார்க்கவே இல்லை. கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு ஏரியை நோக்கி நடந்தான். பனியில் அவன் காலடித் தடம் நீண்டுகொண்டே போயிற்று. கிழக்கே வசாட்ச் மலைத்தொடர் அடிமுதல் முடிவரை வெளுத்து நின்றது. கூப்பிடலாமா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். கூப்பிடவில்லை.

கைப்பேசியில் அவன் வைத்திருந்த மணி அடித்தது. கையுறையை ஆளுக்கொன்றாக மாட்டிக்கொண்டு நாங்களே திருப்பினோம். மறுமுறையும் திருப்பினோம். கடைசிக் கால்மணியில் சில கட்டிகள் சாம்பலாகி அவிந்துபோயிருந்தன. குழாயிலிருந்து புதியவற்றை எடுத்து வைத்தோம். எத்தனை வைத்தோம் என்று எண்ணவில்லை.

அவன் திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது. குளிரும் காரணமாயிருக்கலாம். ஒன்றும் பேசாமல் கொக்கியை வாங்கி மூடியைத் தூக்கினான். ஆவி எழுந்து காற்றில் சாய்ந்தது. ஒரு பாதி நன்றாக மலர்ந்து வெந்திருந்தது; மறுபாதியின் மேற்பரப்பு பழுத்துக் காய்ந்திருந்தது. எட்டிப் பார்த்துவிட்டு, "சட்டியத் திருப்பியிருக்கிய. மூடியும் கூடவே சுத்திருக்கு. அத எதிர்ப்பக்கம் திருப்பல" என்றான். ஆமாம், மறந்திருந்தோம்.

எள்ளுத் துவையலைப் பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து வழித்துப் போட்டான். தட்டில் விழுந்த சோறு இரண்டு நிமிடத்தில் ஆறிற்று. நின்றுகொண்டே, வேகமாக, கையுறையை ஒரு கையில் மட்டும் கழற்றிவிட்டுத் தின்றோம். உளுந்து ஒரு பதம் குறைவு. வெந்தயம் சரியாக இருந்தது. எல்லாம் முடிந்தபின் மரக்கரண்டியால் அவன் அடியைச் சுரண்டினான். அந்த ஓசை அதேதான். பழுப்பும் கறுப்புமாகக் காந்தல் பாளமாக வந்தது. அதை முழுவதும் எங்கள் தட்டில் வைத்தான். உனக்கு என்று கேட்டோம். வேண்டாம் என்றான். திருப்பி அவன் தட்டில் வைக்கக் கை நீண்டது, தட்டை நகர்த்திக்கொண்டான். தின்னவும் முடியாமல் வைக்கவும் முடியாமல், கடைசியில் தின்றோம்.

வண்டியில் யாரும் பேசவில்லை. மண்பாதையில் வரும்போது இருட்டிவிட்டது. தணலைத் தகரவாளியில் அவித்து, வெளித்தட்டில் ஏற்றியிருந்தோம். அவிந்ததுபோல் தெரிந்தாலும் கரியை மூடிய வண்டிக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ வைக்கக் கூடாது. அதன் நச்சுக்காற்றுக்கு மணமில்லை என்று காலையில் புறப்படும்போதே சொல்லியிருந்தான்.

வீட்டில் எல்லோரும் உறங்கியபின் சமையலறையில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தோம். வெந்நீரும் தூரிகையும் கொண்டு சட்டியைக் கழுவி அடுப்பில் வைத்து ஈரம் போக்கிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. எண்ணெய்ப் புட்டியையும் துணியையும் எங்கள் பக்கம் நகர்த்தினான். இளஞ்சூட்டில் துடைத்தோம். உள்ளே, வெளியே, கால்களின் இடுக்கில். துடைத்த எண்ணெயை மீண்டும் துடைத்து எடுக்க வேண்டுமாம். மிச்சம் இருந்தால் பிசுபிசுக்கும். முடித்து மூடியை எடுத்துப் பொருத்தப் போனபோது கையைப் பிடித்து நிறுத்தினான்.

"முழுசா மூடாதிய, அண்ணே. காத்துப் போணும்."

பழைய செய்தித்தாள் ஒன்றை நாலாக மடித்து விளிம்பில் வைத்து, அதன்மேல் மூடியைச் சாய்த்து வைத்தான்.